மலிவான ஸ்கோப் கேட்டு வந்தவர்கள்

ஸ்கோப் விற்கிறவனுக்கு முதல் எதிரி கடைக்குள் எரிகிற ரியூப் லைற்தான். அந்த வெளிச்சத்தில் ஐம்பது டொலர்ச் சாமானும் ஐந்நூறு டொலர்ச் சாமானும் ஒரே மாதிரிப் பளிச்சென்று காட்டும். மானோ விடியலிலும் அந்தியிலும்தான் மரங்களை விட்டு வெளியே வரும். மலிவுச் சாமானின் குட்டு அந்த மங்கலில்தான் வெளிப்படும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கின சகோதரங்களே, நீங்கள் நின்றது புடவைக் கடையோ நகைக் கடையோ மீன் கடையோ, உங்களுக்கும் இப்படி ஓர் எதிரி இருந்திருப்பான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கோப் என்பது வேட்டைத் துவக்கின், அதாவது துப்பாக்கியின், முதுகில் பூட்டுகிற குழாய்க் கண்ணாடி. கண்ணை வைத்தால் தூரத்தில் நிற்கிறது கிட்ட வரும்; நடுவில் ஒரு சிலுவைக் கோடு தெரியும். தொண்ணூறுகளில் எட்டு வருஷம், மொன்றியலில் ஜோன் தலோன் மெற்றோவிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்த ஒரு வேட்டைச் சாமான் கடையில் நான் இதை விற்றேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது ஒன்றைத்தான்: விலை குறைய இருக்கவேணும், ஆனால் பார்க்கப் பெரிசாய் இருக்கவேணும். அந்த இரண்டையும் ஒரே குழாய்க்குள் அடைத்தால் என்ன வரும் என்று சொல்லிச் சொல்லியே என் பிரெஞ்சு வளர்ந்தது.

உள்ளே காளான்

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டிக்கொண்டிருந்தவன். மொன்றியலுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் காய்கறி வெட்டினேன். ஒரு பெப்ரவரி மத்தியானம் பஸ்ஸுக்கு நின்று காது விறைத்துப்போய், எதிரே தெரிந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தேன். சூடு ஏறின பிறகுதான் சுவரைப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் துவக்குகள். நான் விட்டு வந்த இடத்தில் துவக்கைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு வேலியோரம் ஒதுங்கிப் போவோம். இங்கே அதற்கெல்லாம் விலைச்சீட்டுத் தொங்கியது. திரும்பி ஓடத்தான் நினைத்தேன். ஆனால் பஸ் இன்னும் வரவில்லை.

கவுண்டரில் கடை முதலாளி முசியே ரெயாலுக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் சண்டை. "இந்த ஸ்கோப் புகை புகையாய்க் காட்டுது" என்று வந்தவர் சொல்ல, "உன்ர கண்ணிலைதான் புகை" என்று ரெயால் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கேட்டு வாங்கி, யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முன்வாயால் சரித்துப் பார்த்தேன். உள்வில்லையில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பூஞ்சணத்துக்குப் பிரெஞ்சில் என்னவென்று எனக்குத் தெரியாது. குசினியில் நான் நாள் முழுக்க வெட்டின காளான்தான் நினைவுக்கு வந்தது. "ஷம்பிஞோன்! உள்ளே ஷம்பிஞோன்!" என்று கத்தினேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். பிறகு நான் பிடித்த மாதிரியே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அன்றைக்கே வேலை தந்தார் ரெயால். துவக்கைத் தொடமாட்டேன், கண்ணாடியை மட்டும்தான் தொடுவேன் என்று சொன்னேன். சரி என்றார். வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே கடல் கடந்து வந்தனாங்கள், நீங்கள் போய் அதுக்குக் கண் வச்சுக் குடுக்கப் போறியளோ?"

கோபுரத்தில் ஒரு புள்ளி

ரியூப் லைற்றை வெல்ல நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸ்கோப் கேட்டு வருகிறவரை அந்தி நேரத்தில் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். துவக்கு உள்ளேயே இருக்கும். வெறும் குழாயைக் கையில் கொடுத்து, எதிரே இருந்த தேவாலயக் கோபுரத்தின் சிலுவையைப் பார்க்கச் சொல்வேன். வெளிச்சம் மங்க மங்க எந்தக் கண்ணாடி முதலில் கைவிடுகிறது என்று அவரே கண்டுகொள்வார்.

முதல் வருஷ ஒக்டோபரில் மடாம் தெரேஸ் என்று ஒரு அம்மா வந்தார். அறுபது தாண்டியவர். ரொக்ஸ்பரோவிலிருந்து றெயின் பிடித்து, மெற்றோ மாறி வந்திருந்தார். வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. புருஷனுக்கு முழங்கால் போய்விட்டது, வீட்டு ஃப்ரீஸர் காலியாய்க் கிடக்குது, இந்த வருஷம் இறைச்சி நான்தான் கொண்டுவரவேணும் என்றார். ஒற்றைக் கண்ணோடா என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும். "இடது தோளிலை வச்சுச் சுடப் பழகியிட்டன்" என்று அவரே சொன்னார். மூன்று ஸ்கோப்புகளை வாசலுக்கு எடுத்துப் போனேன். இரண்டு, திருகினால் ஒன்பது மடங்கு வரைக்கும் இழுக்கிற மினுங்கல் சாமான். மூன்றாவது நாலே நாலு மடங்கு, திருக ஒன்றுமில்லாத பழைய மொடல், ஒருவரும் திரும்பிப் பார்க்காதது. பெருக்கம் கூடக் கூடக் கண்ணுக்கு வந்து சேர்கிற வெளிச்சம் குறையும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

நாலு மடங்குக் கண்ணாடியை அவர் கண்ணை விட்டு எடுக்கவேயில்லை. என் கால்விரல்கள் விறைத்தன. "சிலுவையிலை என்னவோ இருக்கு" என்றார். வாங்கிப் பார்த்தேன், ஒரு கறுத்தப் புள்ளி. "புறா, மடாம்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நாற்பது பேராவது அதே சிலுவையைப் பார்த்திருப்பார்கள், நான் நூறு தரம் பார்த்திருப்பேன். இரண்டு கண்ணும் நல்லாய் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியாததை, அந்த மங்கலில், அந்த ஒற்றைக் கண் கண்டுபிடித்திருந்தது. மடாம் தெரேஸ் குழாயைத் திரும்ப வாங்கி, இதுதான் வேணும் என்பது போலக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "புறா இருக்குதுதான், மகன், ஆனால் அது வல்லூறின்ர காலுக்குக் கீழை இருக்குது."

நெற்றியில் அரை நிலா

புரோசார்ட்டிலிருந்து வந்த முசியே மார்செலுக்கு எல்லாமே பெரிசாய் வேண்டும். அவருடைய துவக்கு கழுதை மாதிரிப் பின்னால் உதைக்கிற ரகம். அதற்கு மேல் பூட்ட, கடையிலேயே நீளமான, விலை குறைந்த, பன்னிரண்டு மடங்குக் குழாயை எடுத்துக்கொண்டார். "இதுக்கும் கண்ணுக்கும் இடையிலை நாலு விரலாவது இடம் வேணும், முசியே. இந்த மலிவுக் கண்ணாடியிலை பெருக்கத்தைக் கூட்டினால் ரெண்டு விரல்தான் மிஞ்சும். வெடிக்கேக்கை குழாய் வந்து நெத்தியிலை அடிக்கும்" என்று மூன்று தரம் சொன்னேன். முப்பது வருஷமாய்ச் சுடுகிறவருக்கு வெளிநாட்டான் வகுப்பெடுக்கிறான் என்பது போலப் பார்த்தார்.

இரண்டு கிழமையில் தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். கழற்றிக் காட்டினார். வலது புருவத்துக்கு மேல், கவராயத்தால் கீறினது போல, பிசகே இல்லாத அரை நிலா, ஐந்து தையல். குழாயைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எமர்ஜென்சியிலை இருந்த நேர்ஸ் காயத்தைப் பாத்திட்டு 'எங்கை விழுந்தனீங்கள்' எண்டு கேக்கேல்லை, 'எத்தினை மடங்கு?' எண்டுதான் கேட்டவள்."

யன்னல் விளிம்பில் ஐந்து குழாய்கள்

சாமுவேல் என்பவர் வடக்கே, வீதி முடிகிற இடத்துக்கும் அப்பால் இருந்து வந்த கிரீ என்ற பூர்வகுடி இனத்து மனிதர். என் வயதுதான் இருக்கும். மனைவியைச் சிறுநீரகச் சிகிச்சைக்கு மொன்றியல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார். அவ மெஷினோடு இருக்கிற நாலு மணித்தியாலத்தைக் கழிக்க எங்கள் கடைக்கு வருவார். ஹொக்கித் தொப்பி, ஓயாத பகிடி. "உன்ர நாட்டிலை குளிர் எவ்வளவு?" என்று கேட்டார். "இருபத்தெட்டு" என்றேன். "பூச்சியத்துக்குக் கீழையோ?" என்றார். "மேலை" என்றேன். தொப்பியைக் கழற்றி எனக்காக ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்.

அவருக்கு மலிவான ஸ்கோப் ஒன்று வேண்டும். ஒரே மொடலில் ஐந்து கேட்டார். ஐந்தையும் கொண்டுபோய் வாசல் யன்னலின் வெளி விளிம்பில், பனிக்குள், வரிசையாய்க் குத்தி வைத்தார். ஜனவரி மாதம், எச்சில் நிலத்தில் விழ முன் உறையும் என்று சொல்வார்களே, அந்தக் குளிர். ரெயால் கடையில் இல்லை. முதலாளியின் சரக்குப் பனிக்குள் நிற்கிறதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டு நான் தவித்தேன். சாமுவேல் ஆறுதலாக இரண்டு கோப்பி குடித்தார். அரை மணித்தியாலம் கழித்து வெளியே போய் ஒவ்வொன்றாய்க் கண்ணில் வைத்தார். என்னையும் கூப்பிட்டார். முதலாவதில் பால் ஊற்றினது போல வெள்ளை. இரண்டாவதிலும் அப்படியே. வெளியால் பிடிக்கிற பனியைத் துடைக்கலாம். இது குழாய்க்குள் அடைபட்டிருந்த ஈரம், வில்லையின் உட்புறத்தில் உறைந்தது. அதைத் துடைக்க ஒருவராலும் முடியாது. நாலு குழாய் குருடாகியிருந்தன. ஐந்தாவது மட்டும் தெருமுனையில் நின்ற பஸ்ஸின் இலக்கம் வரைக்கும் துல்லியமாய்க் காட்டியது.

ஒரே தொழிற்சாலை, ஒரே பெட்டி, ஒரே விலை. பத்து வருஷம் வில்லை தீட்டின எனக்கு அதில் எது நல்லது என்று சொல்லத் தெரிந்திருக்காது. அந்த மனிதர் பனியிடமே அதைக் கேட்டு அறிந்துவிட்டார். அந்த ஒன்றுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பனிக்குள் கிடந்த நாலையும் பத்திரமாய்த் துடைத்து என் கையில் தந்தார். நன்றி சொல்லிவிட்டு, "இதைவிட விலை கூடினதை எடுத்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்கத் தேவையில்லையே?" என்று கேட்டேன். சிரித்தார். "விலை கூடினதையும் வெளியிலை வச்சுத்தான் பாப்பன்; குளிருக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாது."

மேசைக்குக் கீழே

மூன்றாம் வருஷம் ரெயால் என்னைச் சுடப் பழகும் திடலுக்குக் கூப்பிட்டார். மலிவு ஸ்கோப்புகளில் சில, ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே இருக்கிற சிலுவைக் கோட்டை மயிரிழை மயிரிழையாய் நகர்த்திவிடும். கடையில் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. "நீ ஒருக்கா கண்ணாலை பாத்தால்தான் சனத்துக்குச் சொல்லலாம்" என்றார். காதை மூடுகிற மூடியைப் போட்டுக்கொண்டு போனேன். அரை மணித்தியாலம் ஒரு பிரச்சினையும் இல்லை. இலக்குத் தாளில் ஓட்டைகள் வலது பக்கமாய் ஊர்ந்து போகிறதை ஒரு தூரக்கண்ணாடியால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ரெயால் என்னவோ சொன்னார், கேட்கவில்லை. ஒரு காது மூடியைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் ஒருவர் சுட்டார்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. கண்ணைத் திறக்கும்போது மேசைக்குக் கீழே, சரளைக் கல்லில் முகம் குத்தி, தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு கிடந்தேன். வாய்க்குள் மண். வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்போது சிரிக்கப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டு கிடந்தேன். சிரிப்பு வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது பேர், ஒவ்வொருவரும் கதவு நிலை அளவு உயரம். எல்லோரும் துவக்கைத் திறந்து, குண்டை வெளியே எடுத்து, மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கையெல்லாம் பச்சை குத்தின ஒருவர் மட்டும் வந்து, எனக்குப் பக்கத்தில் சரளையில் சம்மணம் போட்டு இருந்து, ஃப்ளாஸ்க் மூடியில் கோப்பி ஊற்றினார். மூடியை என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பப் பத்து நிமிஷம் எடுத்தது. இத்தனை துவக்குகள் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்காக வாயை மூடினதை நான் அதுவரை கண்டதில்லை. கண்டிருந்ததெல்லாம் அதற்கு மறுவளம். "மன்னிக்கவேணும், உங்கடை நேரத்தை வீணாக்கிப்போட்டன், நீங்கள் தொடங்குங்கோ" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். திடலுக்குப் பொறுப்பான சிவப்புத் தொப்பிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், நின்றபடியே சொன்னார்: "நாங்கள் ஒரு அவசரத்திலையும் இல்லை, மான் நவம்பரிலைதான் வரும்."

ஜினெற்றின் தீர்ப்பு

அந்த நவம்பரில் ரெயால் தான் சுட்ட மானில் ஒரு தொடையைப் பொதி பண்ணித் தந்தார். மனைவி முதலில் தொடவில்லை. பிறகு, வந்த இறைச்சியை எறியக்கூடாது என்று, யாழ்ப்பாணத் தூளைக் கைநிறையப் போட்டுப் பிரட்டலாய் வைத்துவிட்டாள். ஒரு பெரிய டப்பாவில் கடைக்கும் தந்தனுப்பினாள். மீன்பிடிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜினெற், வேட்டைக் குடும்பத்தில் பிறந்தவ. மானை உப்பு, மிளகு, வெண்ணெய் தவிர வேறெதோடும் சேர்க்கக்கூடாது என்று சத்தியம் பண்ணுகிறவ. பாண் துண்டைக் கிள்ளிப் பிரட்டலில் தோய்த்து ஒரு வாய் வைத்தா. முகம் சிவந்தது. மூக்கு ஓடியது. கண்ணீர் வழிய வழிய டப்பாவை மற்றவர்களுக்குக் கொடுக்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டா. டப்பா வெறுமையான பிறகுதான் கதைத்தா. "முப்பது வருஷமாய் நான் மான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்!"

மாப்பிள்ளைக்கு ஒரு பரிசு

கடைக்குள் தமிழ் முகம் வருவதே அபூர்வம். ஒரு சனிக்கிழமை கர்க்லாண்டிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சென்னைக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் இங்கே. கோட், டை, நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. சுவரில் மாட்டியிருந்த கொம்புத் தலையைப் பார்க்காமல் இருக்க முகத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு, "இந்தத் துப்பாக்கி மேல வெக்கறாங்களே, ஒரு டெலஸ்கோப்பு, அது வேணுங்க" என்றார். நான் தமிழில் "இருங்கோ ஐயா" என்றதும் அவர் முகத்தில் நிம்மதியும் கூச்சமும் சேர்ந்து வந்தன. விஷயம் இதுதான். மகள் ஒரு கியூபெக் பையனைக் கல்யாணம் பண்ணப் போகிறேன் என்கிறாள். வடக்கே அபித்திபிக் காட்டுப்பக்கம் பிறந்த பையன். வேட்டையாடுகிறவன். இவர்கள் வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. பையனின் குடும்பம் இவரை இலையுதிர் காலத்தில் தங்கள் காட்டு வீட்டுக்கு அழைத்திருக்கிறது. வெறுங்கையோடு போக முடியாது. "நான் இன்னும் சரின்னு சொல்லலைங்க. சொல்லப் போறேனான்னும் தெரியல. அதனால ரொம்ப விலையா வேண்டாம், ரொம்ப மட்டமாவும் இருக்கக்கூடாது" என்றார்.

மூன்று சனிக்கிழமை வந்தார். சின்ன நோட்டுப் புத்தகத்தில் முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்து, கண்ணின் பாப்பாவோடு ஒப்பிட்டு எழுதினார். முப்பத்திரண்டை நாலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டம் எட்டு மில்லிமீற்றர். நாற்பதை ஒன்பதால் வகுத்தால் நாலரைகூட இல்லை. "அப்போ விலை கம்மியா இருக்கற இதுலதாங்க இருட்டுல நல்லா தெரியும்!" என்று கண்டுபிடித்துக் கத்தினார். நான் இத்தனை வருஷத்தில் சனத்துக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாததை அவர் மூன்று வரியில் எழுதி முடித்துவிட்டார். நாலு மடங்குக் கண்ணாடியைப் பரிசுத்தாள் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பரில் திரும்ப வந்தார். கோட் இல்லை, கட்டம்போட்ட கம்பளிச் சட்டை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் விடியற்காலையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். பனிமூட்டத்துக்குள் இருந்து மூஸ் என்கிற அந்தப் பெரிய மிருகம், குதிரையைவிட உயரம், சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கி வந்து நின்றதாம். "அவ்ளோ பெரிசு ஒண்ணு, ஒரு குச்சி ஒடியற சத்தம்கூட இல்லாம எப்படிங்க வரும்? எனக்கு மூச்சே நின்னு போச்சு" என்றார். வந்தது பெண் மூஸ், பசு என்பார்கள். அந்த வருஷம் அவர்களுக்குக் காளைக்கு மட்டும்தான் அனுமதி. சுற்றிலும் ஐம்பது மைலுக்கு ஓர் ஆள் இல்லை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு ஆகிற இறைச்சி. பையன் குறி பார்த்தான், பசு என்று கண்டான், துவக்கை மடியில் கிடத்திவிட்டு, அது நீந்தி அக்கரை ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தானாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருமே பார்க்காத இடத்துல சட்டத்தை மதிக்கிறவன் கிட்ட பொண்ணைக் குடுக்கலாம்ங்க."

கழுத்தில் தொங்கினது

லூக் என்ற பொடியனுக்கு இருபத்தைந்து வயது, டெலிவரி வான் ஓட்டுகிறவன், கையில் காசு மட்டு. ஒன்பது மடங்கு ஸ்கோப் ஒன்றுதான் வேண்டும் என்று நின்றான். "அதாலையே தூரத்திலை இருக்கிறதையும் பாத்துக்கொள்ளலாம், வேறை தூரக்கண்ணாடி வாங்கத் தேவையில்லை" என்று காரணமும் சொன்னான். "தம்பி, ஸ்கோப்பாலை எதைப் பாக்கிறியோ, அதுக்கு நேரை துவக்கு நிக்குது. என்னவெண்டு தெரியாததைப் பாக்கிறதுக்குத் துவக்கைத் தூக்காதை" என்றேன். கேட்கவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் அதே விலைக்குள் சாதாரண நாலு மடங்கு ஸ்கோப் ஒன்றும், யாரோ மாற்றிவிட்டுப் போன பழைய தூரக்கண்ணாடி ஒன்றும் அவன் தலையில் கட்டினேன். "பழசைத் தள்ளிவிடுறாய்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். வாசல் வரை பின்னால் போய் அதன் வாரை அவன் கழுத்தில் நானே மாட்டிவிட்டேன்.

மான் காலம் தொடங்கி ஐந்தாம் நாள் வந்தான். வணக்கம் சொல்லவில்லை. சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கை இரண்டையும் தொடைக்கிடையில் வைத்து அழுத்திக்கொண்டான். தண்ணீர் கொடுத்தேன்; குடித்துவிட்டுச் சொன்னான். இரண்டாம் நாள் அந்தி நேரம், எண்பது மீற்றர் தள்ளி, புதருக்குள் மண்ணிறமாய் ஒன்று அசைந்ததாம். மானின் வால் மாதிரி வெள்ளையாய் ஒன்று மின்னி மறைந்ததாம். கை துவக்குக்குத்தான் போனதாம். குனியும்போது கழுத்தில் தொங்கின தூரக்கண்ணாடி நெஞ்சில் இடித்திருக்கிறது. எரிச்சலோடு அதை எடுத்துக் கண்ணில் வைத்திருக்கிறான். மண்ணிறம், மச்சானின் கம்பளிச் சட்டை. வெள்ளை, மூக்குத் துடைத்த கடதாசி. அவசரத்துக்குக் குந்தினவன், வேட்டைக்காரர் எல்லோரும் போடுகிற செம்மஞ்சள் அங்கியை அழுக்காகும் என்று கழற்றி மரத்துக்கு மற்றப் பக்கத்தில் கொழுவியிருந்தான்.

நானும் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். பழைய தூரக்கண்ணாடியின் ஒரு பக்க வில்லையில் கீறல் இருந்ததுகூட எனக்குத் தெரியும்; அந்தக் கீறலுக்குள்ளால்தான் அவன் தன் தங்கச்சியின் புருஷனை அடையாளம் கண்டிருக்கிறான். ரெயால் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மணி அடித்த டெலிபோனைத் தானே போய் எடுத்தார். "மச்சானிட்டைச் சொன்னனியோ?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். எழும்பி, என் கையைப் பிடித்து, என் பெயரை முதல் தரமாய்ப் பிழையில்லாமல் சொன்னான். "அவன்ர பிள்ளையள் ரெண்டு பேருக்கும் உன்ர பேர் தெரியவராது, எனக்குத் தெரியும்."

எட்டு வருஷத்தில் நான் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை, ஆனாலும் சகோதரங்களே, கடைக்கு வந்தவர்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதற்கே மாதாமாதம் சம்பளம் வாங்கின ஒரே ஆள் மொன்றியலில் நானாகத்தான் இருக்கவேணும்.